தோணிக்குப் பக்க மிதவை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவிக்கு மேற்கே நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், குடியிருப்புகள் நெருங்கியுள்ளன. வீடு ஒரு கரையிலும் வயல் மறுகரையிலுமாக வாழும் கமக்காரர் இங்குப் பலர். 2014 ஆம் ஆண்டில் மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டமை அவர்களுக்குப் பேருதவியாயிற்று. எனினும், பாலத்துக்குத் தொலைவில் வயலுள்ளவர்கள் சுற்றிப் போவதைவிடத் தோணியிற் குறுக்கே கடப்பதையே எளிதெனக் கருதுகின்றனர். விதைநெல்லும் பசளையும் அக்கரைக்குச் செல்வதும், கத்தரி, வெண்டி, பயற்றங்காய், பூசணி முதலிய மரக்கறிகள் இக்கரைக்கு வருவதும் பல இடங்களில் இச்சிறு தோணிகளினாலேயே நடைபெறுகின்றன.

கமக்காரர் ஒருவர் மூன்று யூரியாப் பைகளையும் இரண்டு மூடை விதைநெல்லையும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார் என வைத்துக்கொள்வோம். விடியற்காலை, காற்றில்லை, வாவி அசைவின்றிக் கிடக்கின்றது. நடு வழியில், ஊன்றித் தள்ளும் மரக்கோல் சேற்றில் இறுகிவிடுகின்றது. அதனைப் பிடுங்குவதற்கு அவர் ஒரு பக்கமாகச் சாய்கிறார். தோணியும் அவருடன் சாய்கின்றது. மேலே கிடந்த பை அரையடி வழுகுகின்றது. பின்னர் நடப்பதைத் தடுக்க அவருக்கு நேரமில்லை. யூரியா நீரிற் கரையும் பொருள். பையை மீட்டாலும் பசளையை மீட்க இயலாது. விதைநெல் நன்னீரில் நனைந்திருப்பின், வயல் சேறடித்து ஆயத்தமாயிருந்தால், அதனை முளைகட்டி உடனே விதைத்து ஒருவாறு காப்பாற்றலாம். உவர்நீரில் ஊறிய விதைநெல்லின் முளைதிறனை நம்பமுடியாது. பொருட்சேதம் இவ்வளவு. நீந்தத் தெரியாத சிறுவன் ஒருவன் அத்தோணியில் இருந்திருந்தால், பொருளைப் பற்றிப் பேசுவதற்கே இடமிராது. வாவியில் முதலைகளும் உள்ளன என்பதைப் படுவான்கரையாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விபத்தில் காற்றுக்கோ வெள்ளத்துக்கோ பங்கில்லை என்பதைக் கவனிக்க. ஒடுங்கிய தோணி அமைதியான நீரிலும் கவிழும். இதனைத் தடுப்பதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. தோணிக்குப் பக்கத்தே, சில அடி தள்ளி, ஒரு மிதவைக் கட்டையை இரண்டு குறுக்குத்தடிகளாற் பிணைத்துவிட்டால் அதன் தள்ளாட்டம் பெரும்பாலும் நின்றுவிடும். வாவியில் ஓடும் தோணிகளுள் இவ்வாறு மிதவை பூட்டியவையும் உண்டு, பூட்டாதவையும் உண்டு. பூட்டியவற்றுட் சில, பூட்டிய முறை பிழையானதால், பூட்டாதவற்றிலும் கேடானவையாய் உள்ளன. ஆதலின், மிதவை எவ்வாறு தோணியைத் தாங்குகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் நன்று.

துலாவும் மிதவையும்

யாழ்ப்பாணக் கமக்காரர் துலாவால் நீரிறைத்த முறையை வயது முதிர்ந்தோர் அறிவர். நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் அது அருகிவிட்டது. ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடப்பார். அவர் நிறை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆயினும் அச்சுக்கு அண்மையில் நிற்கும்போது ஒன்றும் அசையாது. அச்சிலிருந்து விலகி நடக்க நடக்க, அதே நிறை துலாவைக் கீழே அழுத்தி, மறுமுனையை மேலெழச் செய்யும். நிறையோடு தூரமும் சேர்ந்தே வேலை செய்கின்றது. இதுவே மிதவையின் இரகசியமுமாகும். தோணியோடு ஒட்டிக் கட்டிய கட்டை, அது எவ்வளவு பருத்ததாயினும், சிறிதே பயன்தரும். அதே கட்டையை ஆறடி தள்ளிக் கட்டினால் அதன் வலிமை பன்மடங்காகும்.

மிதவையைக் காணும் கமக்காரர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கட்டை ஒரு பக்கத்தில் மாத்திரந்தானே இருக்கிறது? மற்றப் பக்கம் சரிந்தால் எது தாங்கும்?" என்பர். தோணி வேலையிற் பழகிய ஓடாவியாரிடம் இதைக் கேட்டால் அவர் நீண்ட விளக்கம் கூறமாட்டார். "தம்பி, அந்தக் கட்டையை ஒருமுறை கையாலே தூக்கிப் பாரும்" என்பார். தூக்கிப் பார்த்தவருக்கு விடை கிடைத்துவிடும். தோணி மிதவைப் பக்கம் சரிந்தால் கட்டை நீருள் அமிழ முயலும். நீர் அதனை மேலே தள்ளும். தோணி எதிர்ப்பக்கம் சரிந்தால் கட்டை நீரைவிட்டு எழ முயலும். அப்போது அதன் சொந்தப் பாரம் அதனைக் கீழே இழுக்கும். ஒரு பக்கத்துக்கு மிதப்பும் மறுபக்கத்துக்குப் பாரமும் காவலாக உள்ளன. இரண்டும் ஏறக்குறையச் சமமாயிருந்தாலன்றி ஒற்றை மிதவை ஒழுங்காக வேலை செய்யாது.

இதற்குக் கணக்கொன்று காட்டலாம். 10 அடி நீளமும் 6 அங்குல விட்டமுமுள்ள உருண்டைக் கட்டை முற்றாக அமிழ்ந்தால் ஏறக்குறைய 55 கிலோ நீரை விலக்கும். கட்டையின் பாரம் அதில் பாதி, அஃதாவது ஏறக்குறைய 27 கிலோ, என்று கொள்வோம். அது நீரிற் பாதி அமிழ்ந்தும் பாதி வெளித்தோன்றியும் மிதக்கும். அதனை முற்றாக அமிழ்த்த மேலும் 27 கிலோ அழுத்தம் வேண்டும். முற்றாக வெளியே தூக்கவும் 27 கிலோ வலிமை வேண்டும். ஆறடி தூரத்தில் இருப்பதால் அதன் ஆற்றல், 27 ஐ 6 ஆற் பெருக்க, 162 ஆகின்றது. இரண்டடி அகலத் தோணியில் 60 கிலோ நிறையுள்ளவர் ஒருவர் விளிம்போடு சாய்ந்தால், அவர் நடுவிலிருந்து ஓரடி விலகுகிறார், கணக்கு 60. அதே வேளையில் 50 கிலோப் பை ஒன்று ஓரடி சரிந்தால் அதற்கு 50. இரண்டும் சேர்ந்து 110. மிதவை இதனைத் தாங்கும். இரண்டாமவர் ஒருவரும் பதறி அதே பக்கம் சாய்ந்தால் கணக்கு 170 ஆகிவிடும், மிதவை தோற்றுப்போகும். சுமை உயரமாக அடுக்கப்பட்டிருந்தாலும், ஆட்கள் எழுந்து நின்றாலும், இதைவிடக் குறைந்த சரிவே போதும். மிதவை பூட்டிய தோணியும் கவிழும் என்பதை மறக்கலாகாது. ஆனால் கவிழுமுன் அது காலந்தரும். பூட்டாத தோணி தருவதில்லை.

பழைய கடலோடிகளின் முறை

இக்கருவி புதிதன்று. பசுபிக்குச் சமுத்திரத் தீவுகள் தொடக்கம் ஆபிரிக்காவை அடுத்த மடகாசுக்கர் வரை பரவிய ஆசுத்திரனேசிய மொழி பேசும் மக்கள், பக்க மிதவை பூட்டிய வள்ளங்களைத் தம்முடன் கொண்டுசென்றனர். பொலினீசியத் தீவினர் ஒற்றை மிதவையைக் கையாண்டனர். பிலிப்பைன், இந்தோனீசியா ஆகிய நாடுகளில் இருபுறமும் மிதவை பூட்டுவது பெருவழக்கு. இலங்கையிற் சிங்கள மீனவர் 'ஒருவ' என வழங்கும் வள்ளம் ஒற்றை மிதவையுடையது. நீர்கொழும்புக் கடற்கரையிற் பாய்விரித்தோடும் இவ்வள்ளங்களைக் கண்டோர் மறவார். குடைந்த அடிமரத்தின்மேற் பக்கப்பலகைகளைக் கயிற்றினால் தைத்து, மிதவையையும் கயிற்றினாலேயே பிணைப்பது இதன் பழைய அமைப்பு.

இவ்வள்ளத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற வேறுபாடில்லை. மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமாகவே இருக்கவேண்டும். ஆதலின், திரும்பிவரும்போது வள்ளத்தைத் திருப்பாமற் பாயையும் சுக்கானையும் மறுமுனைக்கு மாற்றிவிடுவர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமரான பிளினி, இலங்கைப் பக்கத்துக் கப்பல்கள் இருமுனையிலும் முகப்புடையன என்று எழுதிவைத்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம், அவை பெருங்கப்பல்கள். காற்று வலுத்து மிதவை மேலெழத் தொடங்கும்போது, மீனவருள் ஒருவர் குறுக்குத்தடிவழியே நடந்து மிதவையின்மேல் நிற்பார். அது போதாதாயின் இன்னொருவரும் செல்வார். எத்தனை பேர் செல்லவேண்டியதோ அதனைக்கொண்டு ஓராட் காற்று, ஈராட் காற்று என்று காற்றின் வேகத்தையே அளந்தனர். துலா மிதித்தவர் தோட்டக் கிணற்றில் செய்த வேலையும் கடலில் இம்மீனவர் செய்யும் வேலையும் ஒன்றே.

நம்முடைய கட்டுமரம் இவ்வகையிற் சேராது. அது மரங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய தெப்பம். அச்சொல்லை ஆங்கிலர் எடுத்துச்சென்று, இரட்டை உடலுள்ள படகுகளுக்குப் பெயராக வைத்துக்கொண்டனர்.

மிதவையைத் தேர்தல்

மிதவைக்கு ஏற்ற மரங்களுள் மலைவேம்பு சிறந்தது. அது நேராக வளர்வது, எளிதில் வேலை செய்யக்கூடியது, பாரங்குறைந்தது. வேறு மரமாயின், வெட்டிய துண்டொன்றை நீரிலிட்டுப் பார்க்க. பாதியளவு அமிழ்ந்து மிதக்குமாயின் அது தகுந்த மரம். முக்காற்பங்குக்கு மேல் அமிழ்ந்தால் விட்டுவிடுக. ஊறியபின் அது இன்னும் தாழும். பச்சை மரத்தை உடனே பூட்டுவது பிழை. பட்டையை உரித்து, நிழலில் நன்றாக உலரவிட்டு, இருமுனைகளையும் கூராகச் செதுக்கி, வெட்டுமுகங்களிற் தார் அல்லது வர்ணம் பூசிய பின்னரே நீரில் இறக்கவேண்டும். நீர் பெரும்பாலும் வெட்டுமுகத்தின் வழியாகவே உட்புகும். முன்முனையின் அடிப்பக்கத்தைச் சற்று மேல்நோக்கிச் செதுக்கினால், அலையிற் குத்தாமல் அதன்மேல் ஏறிச்செல்லும்.

16 முதல் 18 அடி வரை நீளமுள்ள தோணிக்கு 9 அல்லது 10 அடி நீள மிதவை போதுமானது. தோணியின் நடுக்கோட்டிலிருந்து மிதவையின் நடு வரை 6 அடி இருக்கவேண்டும். இத்தூரத்தைக் குறைப்பதே பெரும்பாலானோர் செய்யும் தவறு. துறையில் இடம் போதாதென்றும் ஒடுங்கிய வாய்க்காலில் நுழைய முடியாதென்றும் கூறி, மூன்றடியிற் கட்டிவிடுகின்றனர். அவ்வாறு செய்வோர் மிதவையின் ஆற்றலிற் பாதியை இழக்கின்றனர். வாய்க்காலுள் நுழைய வேண்டிய தோணிக்கு மிதவையை அவிழ்த்துவிடக்கூடியதாகக் கட்டுவதே முறை.

பீ.வீ.சீ. குழாய் இப்போது எங்கும் கிடைப்பதால் அதனை மிதவையாகப் பூட்டும் வழக்கம் பரவிவருகின்றது. குழாய் உக்காது, ஊறாது, விலையும் மலிவு. ஆனால் அதில் ஒரு குறையுண்டு. அக்குறை உயிரைப் போக்கவல்லது. இருமுனையும் அடைத்த வெறுங்குழாய் மிகவும் இலேசானது. தோணி அதன் பக்கம் சரிந்தால் அது நன்றாகத் தாங்கும். எதிர்ப்பக்கம் சரிந்தாலோ, அதைக் கீழே இழுக்கப் பாரமில்லை. கொக்குச் சிறகு விரித்ததுபோல் மேலே எழுந்துவிடும். மிதவை உண்டென்ற துணிவோடு விளிம்பிற் சாய்ந்தவர் நீரில் விழுவார். 4 அங்குலக் குழாய் 10 அடி நீளமாயின் விலக்கும் நீர் 29 கிலோ அளவினது. அதன் சொந்தப் பாரம் ஒருசில கிலோவே. கணக்கை வாசகரே போட்டுப் பார்க்கலாம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தோணியின் இருபுறத்திலும் ஒவ்வொரு குழாயைப் பூட்டுவது. அப்போது எப்பக்கம் சரிந்தாலும் அப்பக்கத்துக் குழாய் மிதப்பினால் தாங்கும், பாரம் தேவைப்படாது. இது மிகவும் பத்திரமானது. ஆயின் துறையில் ஒதுக்குவதும் வலை கிடக்கும் இடத்தில் ஓட்டுவதும் சிரமமாகும். மற்றது, 6 அங்குலக் குழாய் ஒன்றை எடுத்து, சிறு பைகளில் மணலைக் கட்டி அதன் நீளம் முழுவதும் ஒழுங்காகப் பரவும்படி நுழைத்து, பாதி அமிழ்ந்து மிதக்கும் பதத்துக்கு வந்தவுடன் முனைகளை ஒட்டி அடைப்பது. மணலைப் பையிலிடாது கொட்டினால் அது ஒரு முனைக்கு ஓடிவிடும். நீரை நிரப்பினாலும் அதுவே நிகழும். மரமாயினும் குழாயாயினும், ஒற்றை மிதவைக்கு அளவு ஒன்றே: தனியே நீரில் விட்டால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மிதக்கவேண்டும்.

வெறும் பிளாத்திக்குக் கலன்களை வரிசையாகக் கட்டுவோரும் உளர். அவை நீரில் இழுபட்டுத் தோணியைத் தாமதப்படுத்துவதோடு, ஒவ்வொன்றாகக் கழன்றும் போகும். கிருமிநாசினி வந்த கலன்களை இதற்கு எடுப்பது அறவே கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் அவற்றில் நஞ்சு ஒட்டியிருக்கும். அக்கலன் மிதக்கும் குளத்திலேயே மக்கள் குளிக்கின்றனர். மாடும் நீர் குடிக்கின்றது.

கட்டும் விதம்

குறுக்குத்தடிகள் இரண்டு வேண்டும். அவை ஒன்றுக்கொன்று ஐந்து அல்லது ஆறடி இடைவெளியில் அமைந்து, தோணியின் இரு விளிம்புகளிலும் படிந்து, மிதவைப் பக்கம் நீண்டு சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கவேண்டும். இயற்கையாக வளைந்த கிளைகள் கிடைத்தால் அவையே மேல். வளையும் இயல்பற்ற தடி திடீரென முறியும். ஆதலின் வைரம் பாய்ந்த கெட்டித் தடியைவிட, சிறிது வளைந்து கொடுக்கும் தடியே விரும்பத்தக்கது. மூங்கிலாயின் முற்றியதாயும் வெடிப்பற்றதாயும் பார்த்து, ஒவ்வொரு தடிக்கும் இவ்விரண்டாகச் சேர்த்துக் கட்டுக.

ஆணியும் திருகாணியும் இவ்வேலைக்கு ஆகா. மிதவை ஓரலையின்மேலும் தோணி வேறோரலையின்மேலும் ஏறி இறங்குவதால், இணைப்பு இடைவிடாது அசைந்துகொண்டேயிருக்கும். ஆணி அந்த அசைவைத் தாங்காது மரத்தைப் பிளக்கும், துளை பெருக்கும், உவர்நீரில் துருவும் ஏறும். கயிற்றுக்கட்டோ அசைவுக்கு இடங்கொடுத்து மீண்டும் நிலைக்கு வரும். கடலில் ஓடும் வள்ளங்களை முன்னோர் கயிற்றாற் கட்டியது இரும்பு கிடையாமையால் மாத்திரமன்று. தும்புக் கயிற்றை நனைத்து இறுக்கமாகச் சுற்றிக் கட்டுக. நைலோன் கயிறு வலியதாயினும் வழுக்கும் இயல்புடையது; அதனைப் பயன்படுத்துவோர் தடியிலும் மிதவையிலும் ஆழமற்ற வெட்டுகள் இட்டு, கயிறு அவற்றுட் பதியும்படி சுற்றவேண்டும். ஒவ்வொரு தடியும் தோணியின் இரு விளிம்புகளோடும் கட்டப்படவேண்டும். ஒரே விளிம்பிற் கட்டினால், மிதவை எழும்போது அவ்விளிம்பு கிழிந்துவிடும். 'பைபர்' தோணிகளுக்கு இது பெரிதும் பொருந்தும். அவற்றின் பக்கச் சுவர் மெல்லியது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒருபோதும் துளையிடலாகாது.

அடுத்தது உயரம். தோணி வெறுமையாய் இருக்கும்போது மிதவையை அளவாகக் கட்டிவிட்டு, பின்னர் 300 கிலோவை ஏற்றினால், தோணி தாழும். மிதவையும் உடன் தாழ்ந்து முற்றாக அமிழ்ந்துவிடும். அமிழ்ந்துபோன மிதவையிடம் மேலும் தாங்குவதற்கு மிதப்பு எஞ்சியிராது. ஆகையால், வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிய பின்னரே உயரத்தைத் தீர்மானிக்கவேண்டும். சுமையோடு தோணி நேராக நிற்கும்போது மிதவை பாதியளவு நீரில் இருப்பதே சரியான நிலை. போகும்போது சுமையும் வரும்போது வெறுமையுமாக ஓடும் தோணிக்கு, தடிக்கும் விளிம்புக்கும் இடையே வைத்தெடுக்கத்தக்க மரத்துண்டுகள் இரண்டை உடன் வைத்திருப்பது வசதியானது.

கட்டி முடிந்தவுடன் வாவியைக் கடக்க முயல வேண்டாம். இடுப்பளவு நீரில், தரை மணலாயுள்ள இடத்தில், சோதித்துப் பார்க்க. பசளைப் பைகளுக்குப் பதிலாக மணற்பைகளை ஏற்றுக. ஒருவர் தோணியுள் நின்றுகொண்டு மிதவைக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல மெல்லச் சாயவேண்டும். மிதவை நீரைவிட்டு எழும் வேளையை மற்றவர் பார்த்துச் சொல்லவேண்டும். பின்னர் மிதவைப் பக்கம் சாய்ந்து, அது முழுவதும் மறையும் வேளையை அறிக. இவ்விரண்டுமே தோணியின் எல்லைகள். வீட்டில் அத்தோணியை ஓட்டும் ஒவ்வொருவரும், பெண்கள் உட்பட, இந்த எல்லைகளைத் தம் உடம்பினால் ஒருமுறை உணர்ந்திருக்கவேண்டும். சொல்லிக் கொடுத்தால் வராது.

ஓட்டுவோர் கவனிக்கவேண்டியவை

மிதவை நீரில் இழுபடுவதால் தோணியின் அணியம் எப்போதும் மிதவைப் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். புதிதாகப் பூட்டியவர்கள் இதைக் கண்டு, கட்டு கோணிவிட்டதென எண்ணி அவிழ்த்து மீண்டும் கட்டுவர். கட்டிற் பிழையில்லை, கடையாரில் இருந்து துடுப்புப் போடுபவர் மிதவைப் பக்கத்தில் சற்றுக் கூடுதலாக வலித்தால் தோணி நேராகச் செல்லும். மிதவையும் தோணியும் ஒரே திசை நோக்கியிராமல் முன்னே நெருங்கியோ பின்னே நெருங்கியோ கட்டப்பட்டிருந்தால் மாத்திரம், இழுப்பு அளவுகடந்து தோன்றும்.

ஏறும்போது விளிம்பை மிதியாது, தோணியின் நடுவிற் காலை வைத்து உடனே அமர்க. மிதவை நீர்ப்பக்கமாகவும் தோணி கரைப்பக்கமாகவும் நிற்கையில், கரைப்பக்க விளிம்பை மிதிப்பவர் மிதவையைத் தூக்குகிறார். பைகளை அடித்தட்டில் நீளவாக்கிற் படுக்க வைத்து, நடுக்கோட்டில் அடுக்கி, கயிற்றாற் கட்டிவிடவேண்டும். பூசணியும் வத்தகப்பழமும் உருளும் சுமை; சாக்கிலோ பெட்டியிலோ இடாது ஏற்றினால், தோணி சரியும் திசைக்கே எல்லாம் ஓடும்.

மிதவை பூட்டியபின் கூடுதலாக ஏற்றலாம் என்பது தவறான எண்ணம். மிதவை தருவது நிலைபேறு, கொள்ளளவன்று. தோணியின் விளிம்பு நீருக்கு மேலே ஒரு சாணுக்குக் குறையாது நிற்கவேண்டும். விளிம்பால் நீர் புகுந்தால் மிதவை தோணியைக் கவிழாமற் பிடித்திருக்கும். சுமை நனையாமற் காக்காது. உயிர்காப்பு அங்கியும், நீர் இறைக்க ஒரு பட்டையோ வாளியோ இன்றிப் புறப்படலாகாது. மாரிகாலத்தில் முகத்துவாரம் வெட்டுண்டு நீர் கடலுக்கு இழுக்கும் நாட்களில் அதனை அண்டி மிதவைத் தோணியும் செல்லக்கூடாது. பாய் கட்டிப் பழகியவர்கள் மிதவை காற்று வரும் பக்கமாக உள்ளபோது மாத்திரமே பாயை விரிக்கவேண்டும். மறுபக்கமாயின், காற்று மிதவையை நீருள் அழுத்திக் கவிழ்த்துவிடும்.

குளங்களில் நீர்க்களை அகற்றுவோருக்கும் இம்மிதவை மிக உதவும். சல்வீனியா 1939 ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்தது. ஆற்றுவாழையைக் கட்டுப்படுத்த 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. சட்டத்தை அக்களை படிக்கவில்லை. குளங்களையும் வாய்க்கால்களையும் இன்றும் அடைத்துக்கொண்டிருக்கின்றது. அதனை அள்ளுவோர் நாள் முழுவதும் விளிம்பின்மேற் குனிந்து, நீர் சொட்டும் பாரத்தை ஒரு பக்கமாகவே தூக்குகின்றனர். இதைப் போலத் தோணியைக் கவிழ்க்கும் வேலை வேறில்லை. அவர்கள் மிதவைப் பக்கமாகவே அள்ளவேண்டும். இரு தடிகளுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பே அதற்குரிய இடம். செறிந்த களைக்குள் ஓட்டும்போது மிதவையில் அது சுற்றிக்கொள்ளுமாதலால், ஓரத்திலிருந்து வெட்டி உள்ளே செல்க.

சுமை மிகுதியாயின் மிதவையை நம்பாது, ஒத்த அளவுள்ள இரண்டு தோணிகளை நான்கடி இடைவெளியிற் குறுக்குத்தடிகளாற் பிணைத்துக்கொள்வது நல்லது. ஒன்று மற்றதற்கு மிதவையாகும். இரண்டும் சுமை தாங்கும். பைகளைத் தோணிகளின் உள்ளே சமமாகப் பகிர்ந்து வைக்கவேண்டும். தடிகளின்மேற் பலகை பரப்பி அதன்மேல் ஆட்களையும் மூடைகளையும் ஏற்றும்போது பாரம் உயர்ந்துவிடுகின்றது. எல்லாரும் ஒரு கரையை நோக்கி ஒரே பக்கம் திரள்வதும் எளிதாகின்றது. 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள், கிண்ணியாவிலே குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். வயலுக்குச் சாமான் ஏற்றுவதற்காகப் பிணைத்த இரட்டைத் தோணியில் அயலாரையும் பிள்ளைகளையும் ஏற்றும் வழக்கத்தை எவரும் தொடங்கலாகாது.

அறுவடை முடிந்து தோணிக்கு வேலை குறைந்த காலத்தில், மிதவையை அவிழ்த்துக் கரையேற்றி, கறையான் எட்டாதபடி கற்களின்மேல் நிழலில் வைக்கவேண்டும். வெயிலிற் கிடந்த மரம் வெடிக்கும். வெடிப்பிற் புகும் நீர் அடுத்த போகத்தில் அதனைக் கனக்கச் செய்யும். ஆண்டுக்கொருமுறை நீரிலிட்டு, இன்னமும் பாதியளவே அமிழ்கின்றதா என்று பார்த்துக்கொள்க. கட்டுக்கயிறு வெளியே நல்லதாகத் தோன்றினும், தடியோடு உராயும் உட்பக்கத்தில் தேய்ந்திருக்கும். ஆதலின் பெரும்போகத்துக்கு முன் எல்லாக் கட்டுகளையும் புதுக்கயிற்றினாற் கட்டவேண்டும். அவிழ்த்த பழங்கயிற்றைத் தோணிக்குள் எறிந்து வைப்பது பலர் வழக்கம். அதனை வீட்டுக்குக் கொண்டுபோய் வேலிக்குக் கட்டிவிடுக. தோணியிற் கிடந்தால், அவசரமான ஒரு காலையில் யாராவது அதனையே எடுத்து மிதவையைக் கட்டிவிடுவர்.